பந்தயமில்லாத நாளில் திருவனந்தபுரம்

கிரிக்கெட் பந்தயம் காண்பதற்கென்று குடும்பத்தோடு நெடுந்தூரம் பிரயாணம் செய்கிறவர்கள், டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் எடுத்துக்கொள்ளும் சிரத்தையைப் பந்தயமில்லாத நாளுக்கு எடுத்துக்கொள்வதில்லை. அந்த நாள் விடுதி அறையில், தொலைக்காட்சியின் முன் கழிந்துவிடுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்துக்குச் சென்று அப்படிக் கழிப்பது நமக்குப் பெரிய நஷ்டம் என்பதைச் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

2023ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு முன் இங்குள்ள காரியவட்டம் மைதானத்தில் நடந்த பயிற்சிப் பந்தயங்களை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்காவும் ஆப்கானிஸ்தானமும் ஆடவேண்டியது. மழையால் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. மறுநாள் ஆஸ்திரேலியாவின் மிட்சல் ஸ்டார்க் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று நெதர்லாந்து ஆட்டக்காரர்களை வீழ்த்தினார். அந்த ஆட்டமும் முடிவு காணாமல் நின்றது. அக்டோபர் 1, ஞாயிறு, ஓய்வு நாள். 2ஆம் தேதி நியூஸிலாந்து வென்ற ஆட்டம் ஒன்றே முடிவு கண்டது. இந்தியா ஆடவேண்டிய 3ஆம் தேதி முழுவதும் மழையோடு போயிற்று. ஆட்டத்தை மட்டும் நம்பி வந்தவர்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

கழக்கூட்டத்தில் ரயில் நிலையம் உண்டு. ஆயினும் எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லையாதலால், நகரத்துக்குச் செல்ல அரசாங்க பஸ்ஸே உத்தமம். முகப்புப் பலகை மலையாளத்தில் இருக்கிறதே என்று தயங்கவேண்டாம். “கிழக்கேக் கோட்டை” என்று தமிழிலேயே கேளுங்கள். கண்டக்டருக்கு நன்றாக விளங்கும். ஒன்றை மாத்திரம் கவனிக்கவேண்டும். புறவழிச்சாலையில் செல்லும் பஸ்களும் உண்டு. அவற்றில் ஏறினால் நான் சொல்லப்போகும் இடங்கள் தவறிப்போகும். ஏறுமுன் “பாளையம் போகுமா?” என்று கேட்டுக்கொள்வது நல்லது. காரியவட்டம், ஸ்ரீகாரியம், உள்ளூர், பட்டம் என்று மேடும் பள்ளமுமாகச் செல்லும் அந்தச் சாலையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் குழந்தைகளுக்குப் பொழுது போவதே தெரியாது.

பாளையத்தில் இறங்கினால் பள்ளிவாசலும் மாதா கோயிலும் பிள்ளையார் கோயிலும் அருகருகே நிற்பதைக் காணலாம். அங்கிருந்து ஒரு பக்கம் நடந்தால் நேப்பியர் காட்சிசாலை. சென்னைப் பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபத்துக்கு வரைபடம் தந்த சிசோம் என்பவரே இதற்கும் தந்தார். 1880இல் கட்டி முடிந்தது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறக்கக்கூடாது.

மற்றொரு பக்கம், செயலகத்தை நோக்கி நடக்கையில் பல்கலைக் கழகக் கல்லூரி வரும். முன்பு மகாராஜா கல்லூரி என்று பெயர். இதன் முன் சற்று நேரம் நிற்கவேண்டும். நம் சங்கக் கூட்டங்களில் குழந்தைகள் முதலில் எழுந்து நின்று பாடுகிறார்களே, அந்தத் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை இங்கேதான் தத்துவப் பேராசிரியராயிருந்தார். 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். 1891இல் அவர் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தின் தொடக்கத்தில் வருகிற வாழ்த்துப் பாடலின் பகுதியே அது. திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றியும் திருஞானசம்பந்தர் காலத்தைப் பற்றியும் ஆராய்ந்து எழுதியவர், 1897இல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். 1970இல் தமிழக அரசு அப்பாடலை அரசு விழாக்களுக்கு உரியதாக்கியது. 2021இல் மாநிலப் பாடலாகவும் அறிவித்தது. பாடல் தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது திருவனந்தபுரத்துத் தமிழர் எழுதியது என்பது தெரியும்? எனக்கே வெகுநாள் தெரியாது.

செயலகத்துக்கு எதிரே சிலையாக நிற்கிற திவான் மாதவராவும் கும்பகோணத்தில் பிறந்தவர்தாம்.

மீண்டும் பஸ் ஏறினால் கிழக்கேக் கோட்டை. பத்மநாப சுவாமி கோயிலுக்குள் செல்ல ஆண்களுக்கு வேட்டி வேண்டும், மேல்சட்டை கூடாது. கோயிலுக்கு வராதவர்கள் எதிர்ப்புறத்துச் சாலைக் கடைத்தெருவைப் பார்க்கலாம். உண்மையில் எனக்கு அதுவே அதிகம் பிடித்தது. பித்தளைப் பாத்திரமும் மளிகையும் பூவும் நெருக்கியடிக்கும் இத்தெருவில் தமிழ்ப் பேச்சு இயல்பாகக் காதில் விழும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் இந்த ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னையோடு சேர்ந்தன. இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களோ இங்கேயே இருந்தன. இத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன், தம் கதைகளில் இதன் சுமைகூலிகளையும் வியாபாரிகளையும் வாழவைத்தார், 2015இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார், 2021இல் காலமானார். இந்நகரத்தைக் களமாக்கி ‘பள்ளிகொண்டபுரம்’ எழுதிய நீல. பத்மநாபனும் இவ்வூர்க்காரரே. நம் சங்க நூலகத்திலிருந்து இவர்களுடைய புத்தகம் ஒன்றைப் பையில் எடுத்துச் சென்றால் தெரு இன்னும் நன்றாய்ப் புலப்படும்.

கழக்கூட்டத்துக்குத் திரும்பினால் மேற்கே கடற்கரையில் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்துதான் இந்தியாவின் முதல் ராக்கெட் சென்றது. இராமேசுவரத்து அப்துல் கலாம் பணிபுரிந்த இடம். அலுவலகமாயிருந்த பழைய மாதா கோயில் இப்போது விண்வெளிக் காட்சிசாலை.

ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். பந்தய மைதானம் நிற்பது கேரளப் பல்கலைக் கழகத்தின் குத்தகை நிலத்தில். அந்தப் பல்கலைக் கழகத்தின் காரியவட்டம் வளாகத்திலேயே தமிழ்த் துறை இருக்கிறது. திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகமாயிருந்த காலத்தில், தமிழுக்கென்று அழகப்பச் செட்டியார் ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்த வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை இத்துறைக்குத் தலைமை வகித்தார். பின்னர் இங்கே பணிபுரிந்த வ. அய். சுப்பிரமணியம், 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தரானார். கழக்கூட்டத்தை அடுத்த மேனம்குளத்தில் அவர் நிறுவிய திராவிட மொழியியல் பள்ளியும் உண்டு. வளாகத்துச் சுவடி நூலகத்தில் 60,000க்கும் மேற்பட்ட ஏடுகள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை சென்றால் பூட்டிய கதவுதான். பிற்பகல் ஆட்டமுள்ள வேலை நாளாகப் பார்த்து, முன்னதாகவே துறைக்குக் கடிதம் எழுதி இசைவு பெற்று, காலை பத்து மணிக்குப் போகலாம். மழை வந்தாலும் பாதகமில்லை. குடை இருந்தால் மைதானத்துக்கு நடந்தே வந்துவிடலாம்.