பிரார்த்தனையும் மருத்துவமும் ஒரே அறிக்கையில்

இந்தி சினிமாவின் பிரபல அம்மா அவர். 'தேவதாஸ்' (2002), 'ரங் தே பசந்தி' (2006), 'ஓம் சாந்தி ஓம்' (2007) என்று கதாநாயகர்கள் மாறினாலும் அம்மா என்றால் கிரோன் கெர்தான் என்ற காலம் இருந்தது. சண்டிகர் மக்களவைத் தொகுதியில் 2014, 2019 என இருமுறை வென்றவர். 2020 நவம்பரில் சண்டிகர் வீட்டில் அவரது இடது கை முறிந்தது. பரிசோதனை முடிவுகள் வந்தபோது விஷயம் கைமுறிவோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. வந்திருப்பது மல்டிபிள் மைலோமா, ஒருவகை ரத்தப் புற்றுநோய்.

எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைத் தயாரிப்பவை. அவை கட்டுமீறிப் பெருகும்போது எலும்பு அரிக்கப்படுகிறது, ரத்தசோகை வருகிறது, சிறுநீரகம் பழுதாகிறது. பலருக்கு முதுகுவலிதான் முதல் அறிகுறி. வயதாகிவிட்டது என்று தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடும். முழுதாகக் குணப்படுத்துவது அரிது. ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைக்கலாம். அதற்கு உதவும் மருந்துகளில் ஒன்று தாலிடோமைடு. கர்ப்பிணிகள் சாப்பிட்டு, குழந்தைகள் ஊனத்துடன் பிறந்ததால் 1960களின் தொடக்கத்தில் உலகமே தூக்கியெறிந்த அதே மாத்திரை!

கிரோனுக்கு மும்பையில் சிகிச்சை தொடங்கியது. 'நியூ ஆம்ஸ்டர்டாம்' என்ற அமெரிக்கத் தொடரில் நரம்பியல் மருத்துவராக நடித்துக்கொண்டிருந்த கணவர் அனுபம் கெர், மனைவியின் அருகில் இருப்பதற்காக அதிலிருந்து விலகினார். தொகுதிப் பக்கம் எம்.பி.யைக் காணோம் என்று சண்டிகரில் முணுமுணுப்பு எழுந்தது. 2021 மார்ச் இறுதியில் உள்ளூர் பா.ஜ.க. தலைவர் நோயைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். மறுநாளே அனுபமும் மகன் சிக்கந்தரும் கூட்டாக அறிக்கை விட்டனர். வதந்திகள் முந்திக்கொள்ளக் கூடாது என்பதால் நாங்களே தெரிவிக்கிறோம் என்று தொடங்கி, நோயின் பெயரைச் சொல்லி, சிறந்த மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், முன்னைவிட வலுவாக மீண்டு வருவார் என்று உறுதியாகக் கூறி, அன்பையும் பிரார்த்தனையையும் கேட்டிருந்தனர்.

இது சாதாரண விஷயமல்ல. பெரும்பாலான இந்திய வீடுகளில் நோயின் பெயர் வாசற்படி தாண்டாது. அம்மாவிடம் 'ரத்தம் கம்மி' என்பார்கள். உறவினர்களிடம் 'மஞ்சள் காமாலை'. கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள், தர்காவில் போர்வை சாத்துவார்கள். எதற்காக என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம் வேறு. விளைவு, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று நோயாளிக்கே தெரியாது. கெர் குடும்பத்துக்குப் பணமும் செல்வாக்கும் இருந்தன என்பது உண்மைதான். தினக்கூலி இழந்து தாயோடு ஆஸ்பத்திரி வாசலில் படுக்கும் மகனுக்கு அந்த வசதி ஏது? ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு வேண்டுதல் கேட்கக் காசு தேவையில்லை.

சோதனை அத்துடன் முடியவில்லை. 2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தது. மைலோமா நோயாளிகளுக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே குறைவு; மருந்துகள் அதை மேலும் குறைக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கிரோன் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அனுபம் உடனே மறுத்தார்: அவர் நலமாக இருக்கிறார், இன்று பிற்பகல்தான் இரண்டாவது தடுப்பூசி போட்டுக்கொண்டார்.

2022 ஜனவரியில் 'இந்தியாஸ் காட் டேலண்ட்' புதிய சுற்று ஒளிபரப்பானபோது கிரோன் நடுவர் நாற்காலியில் இருந்தார்.