உயர் குருதியமுக்கமும் சூல்வித்தகமும்

கர்ப்பகாலத்தில் உயர் குருதியமுக்கம் சூல்வித்தகத்தை எவ்வாறு பாதிக்கின்றது என வினவினால், “அமுக்கம் கூடுவதால் சூல்வித்தகத்தின் குருதிக்கலன்கள் வெடிக்கும்” என எழுதிவிட்டு அடுத்த வினாவிற்குச் செல்லும் மாணவர் உளர். இவ்விடைக்குப் புள்ளி கிடைப்பது அரிது. பிரி-எக்ளம்சியா எனும் நிலையில் நிகழ்ச்சிகளின் ஒழுங்கே வேறு. அங்கு முதலிற் குறைபாடு தோன்றுவது சூல்வித்தகத்திலாகும். தாயின் அமுக்கம் உயர்வது அதன் பின்னரே.

சூல்வித்தகத்தின் அமைப்பை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். தாயின் குருதியும் முதிர்மூலவுருவின் குருதியும் ஒன்றாகக் கலந்து ஓடுவதில்லை. முதிர்மூலவுருவின் மயிர்த்துளைக்குழாய்களைக் கொண்ட சடைமுளைகள், தாயின் குருதி நிரம்பிய இடைவெளிகளில் அமிழ்ந்துள்ளன. நிறைமாதத்தில் இவற்றின் மொத்த மேற்பரப்பு 10 சதுர மீற்றரிலும் அதிகமாகும். ஆனால் மேற்பரப்பு எவ்வளவு பெரிதாயினும், தாயின் பக்கத்திலிருந்து போதிய குருதி வந்து சேராவிடின் ஒட்சிசனும் போசணையும் பரிமாறப்பட வழியில்லை.

அக்குருதியைக் கொண்டுவருபவை கருப்பையின் சுருளி நாடிகள். கர்ப்பத்தின் முதற் பாதியில் போசணையரும்பர்க் கலங்கள் இந்நாடிகளின் சுவரினுள் ஊடுருவி, அங்குள்ள மழமழப்பான தசையை அகற்றுகின்றன. இதனால் ஒடுங்கிய நாடிகள் சுருங்க முடியாத அகன்ற குழாய்களாக மாறுகின்றன. பௌதிகவியலில் நீங்கள் கற்ற புவசேயின் சமன்பாட்டை இங்கு பொருத்திப் பாருங்கள். பாய்ச்சல் வீதம் ஆரையின் நான்காம் அடுக்கிற்கு விகிதசமமாகும். ஆரை இருமடங்காயின், ஏனையவை மாறாதிருக்கப் பாய்ச்சல் 16 மடங்காகும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு 500 மில்லிலீற்றருக்கும் அதிகமான குருதி செல்வது இம்மாற்றத்தினாலேயே இயலுமாகின்றது.

பிரி-எக்ளம்சியாவில், குறிப்பாக அது முன்கூட்டியே தோன்றும்போது, இவ்வூடுருவல் முழுமை பெறுவதில்லை. நாடிகள் ஒடுங்கியே இருக்கும். குருதி குறைவாகவும் விசையுடனும் பாய்ந்து மென்மையான சடைமுளைகளைச் சேதப்படுத்தும். சில பகுதிகளில் குருதி முற்றாகத் தடைப்பட்டு இழையம் இறந்துவிடும். இதன் விளைவு முதிர்மூலவுருவின் வளர்ச்சி குன்றுதல், 2500 கிராமிலும் குறைந்த பிறப்பு நிறை, குறைமாதப் பிறப்பு என்பனவாகும். சில வேளைகளில் சூல்வித்தகம் பிரசவத்திற்கு முன்னரே கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடுகின்றது. அப்போது தாய், சேய் இருவரது உயிருக்கும் ஆபத்து.

இக்குறைபாடு தாயின் அமுக்கத்தை உயர்த்துவது எங்ஙனம்? 2003 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஆனந்த் கருமாஞ்சி குழுவினர் இதற்கு முக்கியமானதொரு விடையை வெளியிட்டனர். பாதிக்கப்பட்ட சூல்வித்தகம் ஒருவகைப் புரதத்தை மிகையாகத் தாயின் குருதியில் விடுகின்றது. குருதிக்கலன்களின் அகவணியைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை இப்புரதம் பிணைத்துச் செயலிழக்கச் செய்கின்றது. அகவணி பழுதடையக் கலன்கள் சுருங்கி அமுக்கம் உயரும்; சிறுநீரகத்தின் கலன்கோளங்களினூடாகப் புரதம் சிறுநீருக்குக் கசியும். சிறுநீரில் புரதம் தோன்றுவதற்கான காரணத்தை எழுதும்போது கலன்கோளத்தைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

கர்ப்பத்திற்கு முன்னரே உயர் குருதியமுக்கம் உள்ள தாய்மாரை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்களில் அமுக்கமே முந்தியது. எனினும் அவர்களுக்குப் பிரி-எக்ளம்சியா மேலதிகமாக ஏற்படும் வாய்ப்பு அதிகம். 20 வாரங்களின் பின்னர் அமுக்கம் புதிதாக 140/90 மில்லிமீற்றர் இரசம் அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் காணப்படின் பிரி-எக்ளம்சியா எனக் கொள்வர். புரதமின்றியும், ஈரல் முதலிய அங்கங்கள் பாதிக்கப்படின் அவ்வாறே கொள்ளப்படும்.

தொடக்கத்தில் தாய்க்கு நோவோ சோர்வோ இராது. ஆகவேதான் எவ்வித முறைப்பாடும் இல்லாத தாய்க்கும் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அமுக்கம் அளந்து சிறுநீர் பார்க்கின்றனர். கடுந்தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று நோ, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் என்பன தோன்றினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நோய் முற்றினால் சூல்வலிப்பு ஏற்படலாம். அதைத் தடுக்க மகனீசியம் சல்பேற்று வழங்கப்படுகின்றது. ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு, 16 வாரங்களுக்கு முன்னரே வைத்திய ஆலோசனைப்படி குறைந்தளவு அஸ்பிரின் தொடங்கப்படுகின்றது.

ஆயினும், நோயின் மூலம் சூல்வித்தகமாதலால், பிள்ளையும் சூல்வித்தகமும் வெளியேறும்வரை அது முற்றாக நீங்குவதில்லை. வெளியேறியதும் உடனே தீர்ந்துவிடும் எனவும் எழுதாதீர்கள். பிரசவத்தின் பின்னரும், விசேடமாக முதல் 48 மணித்தியாலங்களில், வலிப்பு ஏற்படலாம்.