இரண்டு வாரத்து அக்கா

ஆஸ்திரேலியாவில் டே கேரில் வேலை பார்க்கும் இளம்பெண்கள் பலருக்கு ஒரு கனவு உண்டு. லீவு போட்டுவிட்டு கம்போடியா போக வேண்டும். ஏதாவது ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் இரண்டு வாரமாவது குழந்தைகளோடு இருக்க வேண்டும். கிரேயான், பலூன், படப்புத்தகம் என்று பெட்டியில் பாதி இடம் இவற்றுக்கே போய்விடும். "நாலு பிள்ளைகளைச் சிரிக்க வெச்சுட்டு வந்தாப் போதும்" என்பதுதான் எதிர்பார்ப்பு. இந்த ஆசையில் கள்ளம் இல்லை. டே கேர் சம்பளம் ஒன்றும் பெரிதல்ல; சேர்த்துவைத்த காசில்தான் டிக்கெட் எடுக்கிறார்கள்.

ஆனால், ஊரில் இவர்கள் வேலை பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருந்தாக வேண்டும். குழந்தைகளோடு பணிபுரியத் தகுந்தவர் என்ற அரசு அனுமதி கட்டாயம். புதிதாகச் சேர்ந்த குழந்தை அம்மா கிளம்பியதும் வீறிட்டு அழும். தினமும் ஒரே ஆள் தூக்கிச் சமாதானம் செய்தால்தான் அடங்கும் என்று இவர்களுக்குத் தெரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் பெற்றோர் சும்மா விடுவார்களா? அதையே கம்போடியக் குழந்தைக்குச் செய்யும்போது சேவை என்கிறோம்.

இல்லத்துக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் மூன்று வயதுக் குழந்தை ஓடிவந்து மடியில் ஏறும், கழுத்தைக் கட்டிக்கொள்ளும். வந்தவர் உருகிப்போவார். வீட்டில் வளரும் குழந்தை முன்பின் தெரியாதவரைக் கண்டால் அம்மா பின்னால் ஒளியும். யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காத குழந்தையிடம் அடிக்கடி தெரியும் அறிகுறி. ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சீக்கிரமே வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள், இல்லங்களில் தங்கிவிட்டவர்களைவிடத் தேறினார்கள். குழந்தை வளர்ப்பையே தொழிலாகப் படித்தவர்களுக்கு இந்த அறிகுறி முதல் நாளே உறுத்த வேண்டாமா? எனக்குள்ள பெரிய கவலை இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்தது. அங்கே இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். "படிப்பு, சாப்பாடு, இங்கிலீஷ் எல்லாம் கிடைக்கும்" என்ற பேச்சை நம்பி ஏழை விவசாயக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பிவைத்தன. அங்கோர்வாட் கோயிலைப் பார்க்க வரும் கூட்டம் பெருகப் பெருக, அருகிலுள்ள சியம் ரீப் நகரில் இல்லங்களும் பெருகின. சுற்றுலாப் பயணிகளுக்காகச் சிறுவர்கள் நடனமாடி நன்கொடை திரட்டிய இல்லங்களும் உண்டு. 2017இல் நவீன அடிமைமுறை பற்றி விசாரித்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு, லாபத்துக்காகக் குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

வெளிநாட்டுக்காரர் வராவிட்டால் இல்லங்கள் எப்படி நடக்கும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் இல்லங்கள் இல்லாமலில்லை. ஆனால், பணம் அனுப்ப விமானம் ஏற வேண்டியதில்லையே!

கம்போடியாவிலும் டே கேர் தேவைப்படும் தாய்மார்கள் ஏராளம். ஆயத்த ஆடை ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். குறைந்தது நூறு பெண்கள் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகத்துக்கு வழிசெய்ய வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. எல்லா ஆலைகளும் செய்வதில்லை. அத்தகைய காப்பகங்களில் வேலைக்குச் சேரும் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தரலாம். அவர்கள் அங்கேயே இருப்பவர்கள். குழந்தைகளும் சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்குப் போய்விடும்.

எந்த நாட்டுக்குக் கிளம்புவதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: "நான் திரும்பிய மறுநாள் இந்தக் குழந்தையை யார் தூக்குவார்?" தெளிவான பதில் வராவிட்டால் பயணத்தைக் கைவிடுங்கள்.