சுவருக்கு வந்த வீதி

எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் உம்மா, இத்தாவில் இருக்கும் சகோதரி, அம்மை கண்டு தேறிவரும் பிள்ளை - இவர்களுள் ஒருவரேனும் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். வெளியே செல்ல இயலாதவரிடம் வீதியையே கொண்டுவந்து காட்டலாம். அதைப் படமும் எடுக்கலாம். செலவு, கறுப்புத் தாளும் ஒட்டும் நாடாவும்தான்.

இதன் நுட்பத்தை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் இப்னுல் ஹைதம். கி.பி. 965 வாக்கில் பஸராவில் பிறந்தவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த எகிப்து சென்று, அது இயலாதெனக் கண்டபின், கலீஃபா அல்ஹாக்கிமின் சினத்துக்கு அஞ்சிச் சித்தம் கலங்கியவர்போல் நடித்தார். 1021இல் கலீஃபா மறையும்வரை வீட்டுக்காவலிலேயே இருந்தார் என்று பழைய சரிதை நூல்கள் கூறுகின்றன. அவருடைய ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் ஒரு சோதனை வருகிறது. இருட்டறையின் துளைக்கு எதிரே, வெளியில் பல விளக்குகளை வைத்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளிகள் ஒரே துளையில் நுழைந்தாலும் கலந்துவிடாமல் நேர்கோட்டில் தத்தம் வழியே செல்கின்றன என்பதை இவ்வாறு காட்டினார்.

(அரபுச் சொல் ஒன்றிலிருந்தே ‘காமிரா’ பிறந்தது என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அது பிழை, லத்தீனில் அறைக்குப் பெயர் அது. இல்லாத பெருமை அவருக்குத் தேவையில்லை.)

இனி உங்கள் அறைக்கு வாருங்கள். சன்னலையும் கதவிடுக்குகளையும் கறுப்புத் தாளால் ஒளி புகாதபடி மூடி, சன்னல் தாளில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை மட்டும் இடுங்கள். எதிர்ச்சுவர் வெள்ளையாக இருத்தல் நலம். இல்லையேல் படுக்கை விரிப்பைக் கட்டுங்கள். எதிர்வீடுகளின் மீது வெயில் விழும் நேரம் வேண்டும். மேற்குச் சன்னலாயின் காலை, கிழக்குச் சன்னலாயின் மாலை. விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். கண் பழகப் பழக எதிர்வீட்டு மாடியும் தென்னையும் தலைகீழாகச் சுவரில் தெளியும். துளையைச் சிறிதாக்கினால் தெளிவு கூடும், ஒளி குறையும். பிள்ளைகள் துளை வழியே சூரியனைப் பார்க்காதபடி கவனித்துக்கொள்ளுங்கள்.

படமெடுக்கக் கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மீது அசையாமல் நிறுத்தி, ஒளியேற்கும் நேரத்தை 15 முதல் 30 விநாடிகளாக வையுங்கள். கட்டிலும் அலமாரியும் சேர்ந்து விழட்டும். அழகே அதில்தான் இருக்கிறது. கடைப் பலகையின் எழுத்துகள் நேராக வேண்டுமா? மெல்லிய வெள்ளைத் துணியை அறையின் குறுக்கே கட்டி, சன்னலை நோக்கியபடி அதன் மறுபுறமிருந்து எடுத்துப் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள்.

உருவப்படங்களைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. படமே வேண்டாம் என்னும் வீடுகளும் நம்மிடையே உள்ளன. அவர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மனித உருவத்தை மட்டும் தவிர்ப்போருக்கு ஒரு செய்தி: அரை நிமிடம் ஒளியேற்கும்போது, நில்லாமல் நடந்து போவோர் படத்தில் பதிவதில்லை. சுவரும் மரமும் மினாராவும் மட்டுமே எஞ்சும்.

ஆனால் சுவரில் எல்லோரும் வருவார்கள். கட்டிலை அதற்கு எதிரே திருப்பிப் போடுங்கள். தலைகீழாக வரும் மீன்காரரின் சைக்கிளை உம்மா முதலில் அடையாளம் காண்கிறார்களா, பிள்ளை காண்கிறதா என்று பாருங்கள்.