காற்றை எழுதிவிட்டு விலையைக் கேளுங்கள்

கிடங்கு, அரிசி ஆலை, ஒர்க்‌ஷாப், கல்யாண மண்டபம் என எதைக் கட்டுவதானாலும் இன்று பலருக்கும் முதலில் தோன்றுவது இரும்பு ஷெட்தான். தூணையும் உத்தரத்தையும் தொழிற்சாலையிலேயே வெட்டி, வெல்டிங் செய்து, துளை போட்டு லாரியில் அனுப்பிவிடுகிறார்கள். சைட்டில் கிரேன் வைத்துத் தூக்கி போல்ட்டை முடுக்கினால் சில வாரங்களில் கட்டடம் எழுந்துவிடும். 'பிஇபி' என்று தொழிலில் சொல்வது இதைத்தான். வாங்கப் போகிறவர் எடுத்த எடுப்பில் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" என்பது. அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடையாது. கட்டடம் எவ்வளவு காற்றையும் சுமையையும் தாங்க வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்காதவரை, மூன்று கம்பெனிகள் தரும் கொட்டேஷன்கள் மூன்று வெவ்வேறு கட்டடங்களுக்கான விலைகளே.

காற்றின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர். வித்தியாசம் கால் பங்குதானே என்று தோன்றும். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. கோவையில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 90 கிலோவாக விழும் அழுத்தம் சென்னையில் 150 கிலோவை எட்டுகிறது. 2015-ல் வந்த திருத்தம், கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அமையும் தொழிற்கூடங்களுக்குப் புயலைக் கருதி வேகத்தை 1.15 மடங்காக்கச் சொல்கிறது. அதையும் சேர்த்தால் சென்னை ஷெட்டின் மீதான அழுத்தம் கோவை ஷெட்டைப்போல இரு மடங்கைத் தாண்டும். கோவையில் கேட்ட ரேட்டை வைத்து நாகப்பட்டினத்தில் பட்ஜெட் போடுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலேயே தெரியும்.

காற்று கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதோடு நிற்காது; கூரையை மேலே உறிஞ்சி இழுக்கவும் செய்யும். 25 மீட்டர் அகலமுள்ள ஷெட், தூண்களுக்கு இடையே 7.5 மீட்டர் என்று கொள்வோம். ஒரு தூணின் பொறுப்பில் வரும் கூரை ஏறத்தாழ 94 சதுர மீட்டர். மேல்நோக்கிய இழுவை சதுர மீட்டருக்கு 100 கிலோ என்றால் மொத்தம் 9 டன்னுக்கு மேல். தகடு, அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளான பர்லின், சட்டம் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 30 கிலோ என்று தாராளமாகவே வைத்தாலும், கீழ்நோக்கிய எடை 3 டன்னைத் தொடாது. மிச்சமுள்ள ஆறேழு டன்னை அஸ்திவாரமும் அதன் மேலுள்ள மண்ணும்தான் பிடித்து வைக்க வேண்டும். கான்கிரீட் வீட்டில் அஸ்திவாரம் கட்டடத்தைத் தாங்குகிறது. இங்கே அது கட்டடம் பறந்துவிடாமல் கட்டிப்போடவும் வேண்டியிருக்கிறது. புயலில் ஷட்டர் பிய்த்துக்கொண்டால் உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்தும் தூக்கும். சுவரில் திறப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 0.2 என்று எடுக்கும் உள்ளழுத்தக் கெழுவை, 20 சதவீதத்தைத் தாண்டினால் 0.7 ஆக எடுக்கச் சொல்கிறது தரநிலை. 'ஒரு பக்கச் சுவரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்' என்பது செலவை மட்டும் தள்ளிப்போடும் முடிவல்ல. கூரையின் டிசைனையே மாற்றும் முடிவு.

சதுர அடியை விட்டுவிட்டுக் கிலோ கணக்கில் பேசினால் ஏமாற மாட்டோம், கனமான ஷெட்தானே பலமான ஷெட் என்று சிலர் வாதிடுவார்கள். அதில் பாதிதான் உண்மை. வளைவு விசை உச்சத்தில் இருக்கும் மூலையில் உத்தரத்தை அகலமாகவும், விசை குறையும் இடத்தில் ஒடுக்கமாகவும் செய்வதுதான் இந்த முறையின் சிக்கனம். அதோடு, பழைய ஷெட்களின் சாதா இரும்பு 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். இவற்றின் தகடு பெரும்பாலும் 345 வரை தாங்கும். எனவே எடை குறைவது குறையல்ல. சதுர அடி ரேட், விற்பவரை இரும்பைக் குறைக்கத் தூண்டும். கிலோ ரேட், கூட்டத் தூண்டும். எந்தச் சுமைக்காக இந்த எடை என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் சொல்வதில்லை.

ஆகவே விலை கேட்கும் முன் ஒரு பக்கத் தாள் தயாராக வேண்டும். ஊர், காற்று வேகம், எந்தத் தரநிலை என்பவை முதலில். கூரையில் சோலார் வைக்கும் எண்ணமிருந்தால் சதுர மீட்டருக்கு 15 கிலோவாவது கூடுதலாகக் கேளுங்கள். கிரேன் ஓடுமானால் எத்தனை டன் என்று எழுதுங்கள். உயரத்தைக் குறிக்கும்போது உள்ளே தடையின்றிக் கிடைக்கும் உயரத்தைச் சொல்லுங்கள். விற்பவர் சொல்லும் 6 மீட்டர் கூரை விளிம்பின் உயரம். பர்லினும் மூலை உத்தரமும் போக உள்ளே 5 மீட்டர்தான் மிஞ்சக்கூடும். அஸ்திவாரத்தை முந்திக்கொண்டு போட்டுவிடாதீர்கள். தூணை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டின் வரைபடம் கைக்கு வந்த பிறகே கான்கிரீட்; போல்ட் சிறிது விலகினாலும், சைட்டில் கேஸ் கட்டரால் துளையை அகலமாக்கும் வேலைதான் நடக்கும்.

இவ்வளவும் எதற்கு, பக்கத்து ஷெட் பதினைந்து வருடமாக அசையாமல் நிற்கிறதே என்று கேட்கலாம். தரநிலையின் காற்று வேகம் சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை எட்டக்கூடியது. அப்படியொரு காற்று பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒரு பங்குதான். பக்கத்து ஷெட் இன்னும் பரீட்சையே எழுதாமல் இருக்கலாம். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், உள்மாவட்டத் தென்னந்தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போனது. பெரிய கம்பெனியே பார்த்துக்கொள்ளாதா என்றால், கொடுத்த சுமைக்குச் சரியாக டிசைன் செய்வது அவர்கள் வேலை. சுமையைக் கொடுப்பது நம் வேலை. கணக்கு அறிக்கையை வாங்கி, கம்பெனியைச் சாராத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டச் சிறு தொகைதான் ஆகும். அவர் சரி என்ற பிறகு வரைபடத்தில் கையெழுத்திட்டு, அதற்குப் பிறகு பெரிய அட்வான்ஸைக் கொடுத்தால் போதும். ஒரே தாளுக்கு மூன்று பேர் தரும் விலையைத்தான் ஒப்பிட முடியும். அப்போது குறைந்த விலையை வாங்குவதில் தயக்கமும் தேவையில்லை.