மின்கட்டணமும் மேற்கூரை மானியமும்

மின்சாரக் கணக்கெடுக்க வருபவர் எண்ணைக் குறித்துவிட்டுச் சென்ற மறுகணம், நம் இல்லங்களில் ஒரு சிறு விசாரணை தொடங்கிவிடும். யார் விளக்கை அணைக்காமல் போனது? ஆளில்லாத அறையில் விசிறியைச் சுழல விட்டது யார்? பெரும்பாலும் பழி பிள்ளைகள் மீதே விழும். ஆயினும் வாசகர்களே, கட்டணம் உயர்வதற்கு மறதி மட்டுமே காரணமன்று. கட்டண முறை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறியாதிருப்பதும் ஒரு காரணமாகும்.

தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் 2016ஆம் ஆண்டு முதல் இலவசமாகும். அதற்கு மேற்பட்டதைப் படிப்படியாகக் கணக்கிடுவர். 2022 செப்டம்பரில் நிர்ணயித்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். பின்னர் அது சற்றே கூடியிருப்பினும் கணக்கின் அமைப்பு விளங்க அது போதும். அதன்படி 500 யூனிட் செலவிட்ட குடும்பம் 1,725 ரூபாய் செலுத்தியது. 510 யூனிட் செலவிட்ட குடும்பமோ 2,030 ரூபாய் செலுத்த நேர்ந்தது. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! காரணம் யாதெனில், 500ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய சலுகை விலை நீங்கிவிடுகிறது. பெற்றோரும் மணமான இரு மகன்களும் ஒரே மீட்டரில் வாழும் கூட்டுக் குடும்பங்களே இந்த எல்லையை எளிதில் தாண்டுகின்றன. சிக்கனமாக வாழ்ந்தும் ஏன் இவ்வளவு வருகிறது என்று அவர்கள் வியப்பதில் பொருளுண்டு.

விழுப்புரத்தை அடுத்த காணையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கோடையில் கான்கிரீட் கூரையின் கீழ் விசிறியின்றி உறங்க இயலாது. எனவே விசிறியிலிருந்தே தொடங்குவோம். பழைய கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுத்துக்கொள்ளும். இன்று கடைகளில் ‘பி.எல்.டி.சி.’ எனக் கூறி விற்கப்படும் விசிறிகள் 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருகின்றன. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் மூன்று விசிறிகளை மாற்றினால் இரு மாதங்களில் ஏறக்குறைய 97 யூனிட் மிச்சமாகும். 500ஐத் தாண்டி நிற்கும் குடும்பத்தை எல்லைக்கு இப்பால் கொண்டுவர இதுவே போதும். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது நட்சத்திரங்களை எண்ணும் நாம், விசிறி வாங்கும்போது நிறத்தையும் இறக்கையின் அழகையும் மட்டுமே பார்க்கிறோம்.

அரசின் உதவியால் வீட்டு மின்செலவு குறைந்ததற்கு எல்.இ.டி. விளக்குகளே சிறந்த சான்று. 2015 ஜனவரி 5இல் தொடங்கப்பட்ட ‘உஜாலா’ திட்டத்தின்கீழ் நாடெங்கும் 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மலிவு விலையில் வழங்கப்பட்டன. மொத்தமாக வாங்கியதால் விலை சரிந்தது. இன்று எவ்வித மானியமுமின்றி மூலைக்கடையிலும் அவை கிடைக்கின்றன. விசிறிக்கு அத்தகைய கை கொடுப்பு நம் மக்களை இன்னும் பரவலாக எட்டவில்லை என்பது என் குறை. சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள்: அங்கு 2024 ஏப்ரலில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் எல்லாக் குடும்பங்களுக்கும் 300 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு வழங்கி, சிக்கனமான சாதனங்களை வாங்கச் செய்தனர்.

நம் நாட்டில் இப்போது பெருந்தொகை மானியம் கிடைப்பது மேற்கூரைச் சூரிய மின்தகடுகளுக்கே. தமிழகத்திற்கு இது முற்றிலும் புதியதன்று. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுடன் சூரிய விளக்குகளும் ஏழைகளுக்குத் தரப்பட்டன. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதம மந்திரி சூரிய வீடு’ திட்டமோ ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வகுக்கப்பட்டதாகும். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியமாக அதில் அறிவிக்கப்பட்டன.

‘இலவச மின்சாரம்’ என்று பெயரிலேயே இருப்பதால், தகடுகளும் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. முழுத்தொகையையும் முதலில் நாமே செலுத்த வேண்டும். தகடுகள் பொருத்தப்பட்டு, மின்வாரியம் சோதித்து, இரு வழி மீட்டர் அமைத்த பின்னரே மானியம் வங்கிக் கணக்கில் வந்து சேரும். தகடுகள் இந்தியாவிலேயே தயாரானவையாகவும், பொருத்துபவர் அரசிடம் பதிவு பெற்றவராகவும் இருத்தல் அவசியம். வாசலில் வந்து, “இன்றே முன்பணம் கொடுங்கள், மானியத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பவரிடம் பதிவுச் சான்றைக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் இது இலாபமா? இல்லை என்றே சொல்வேன். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். நூறு சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். இரு மாதத்தில் 600 யூனிட் செலவிடும் குடும்பம், மேற்சொன்ன 2022 விகிதப்படி, 2,750 ரூபாய் செலுத்தும். இரண்டு கிலோவாட் அமைத்தால் அதில் பெரும்பகுதி குறைந்து, போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். 250 யூனிட் செலவிடும் சிறு குடும்பத்தின் கட்டணமோ 450 ரூபாய்தான்; அங்கு முதலீடு மீளப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். நூறு யூனிட்டுக்குள் வாழ்பவருக்கோ மிச்சப்படுத்த ஏதுமேயில்லை. மானியம் கிடைக்கிறதே என்பதற்காகத் தேவையற்றதை வாங்குவதும் வீண்விரயமே. வாடகை வீட்டில் இருப்போர் விசிறியையும் விளக்கையும் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நலம்.

வங்கிகள் இதற்கெனக் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. குறைந்தாலும் வட்டி வட்டியே. மானியம் என்பது அரசின் உதவித்தொகை. கடன் வேறு, அது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தரும் படிவத்தில் வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம். ஓரிரு ஆண்டு சீட்டுச் சேமிப்பிலோ, உடன்பிறந்தோரிடம் வட்டியில்லாக் கைமாற்றாகவோ இத்தொகையைத் திரட்டுவது நம் குடும்பங்களில் இயலாத காரியமன்று. முதலில் ஒரு கிலோவாட் வைத்து, வசதி வந்தபின் கூட்டலாமே என்று நினைப்போர், மானியத்துக்கு ஒரே வீட்டில் மறுமுறை இடமுண்டா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இதைவிடப் பலரைத் தடுத்து நிறுத்தும் இடர் ஒன்றுண்டு. விண்ணப்பிப்பவர் பெயரிலேயே மின் இணைப்பு இருக்க வேண்டும். நம் வீடுகள் பலவற்றிலோ இணைப்பு இறந்துபோன தந்தையின் பெயரிலோ பாட்டனாரின் பெயரிலோ இன்றும் தொடர்கிறது. பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழும் ஏனைய வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். அப்போதுதான், பாகப்பிரிவினையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதன் விளைவு புலப்படுகிறது. கட்டிக்கொடுத்து அனுப்பிய சகோதரிகளுக்கும் அந்தக் கூரையில் பங்குண்டு. வெறும் கையொப்பத்துக்காக அவர்களைத் தேடிச் செல்வதைவிட, மார்க்கம் வகுத்தபடி அவரவர் பாகத்தைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, அதன்பின் பெயரை மாற்றிக்கொள்வதே நேர்மையாகும். தகடுகள் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. பிறர் பங்கின்மீது அவற்றை ஊன்றினால் சச்சரவும் அத்தனை காலம் நிற்கும்.

பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் இம்மானியம் கிடைக்குமா என்று ஜமாஅத் நிர்வாகிகள் கேட்பதுண்டு. இது குடியிருப்பு வீடுகளுக்கு மட்டுமேயான மானியமாகும். பள்ளிவாசலில் தகடு அமைக்க விரும்புவோர் முழுச் செலவையும் கணக்கிட்டே வசூலில் இறங்க வேண்டும்.

கடைசியாக இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல். மொட்டை மாடி உங்களுடைய இடம். வற்றல் காய்வதும் துணி உலர்வதும் அங்கேதான். பொருத்துபவர் வந்து அளவெடுக்கும்போதே, தாங்கிகளை ஆள் உயரத்துக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கூடுதல் இரும்புக்குச் சிறிது செலவாகும், அடியில் இடம் கிடைக்கும். தகட்டில் படியும் புழுதியை மாதம் இருமுறை வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உப்பு நீராயின் வெண்படலம் கட்டும். மெல்லிய துணியால் உடனே துடைத்துவிட வேண்டும்.