தண்டனை மூன்று மாதம், காத்திருப்பு முப்பது நாள்

வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்க முயன்ற வழக்கில் மூன்று மாதத் தண்டனை. 2020 மார்ச்சில் அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைக்குள் போனவருக்கு வயது 68. பார்கின்சன் நோய், சர்க்கரை, இதயக் கோளாறு வேறு. கொரோனா வந்தால் பிழைக்க மாட்டேன், விட்டுவிடுங்கள் என்றார். ஏப்ரல் 2-ல் பிலடெல்பியாவிலுள்ள மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. சிறை நிர்வாகத்திடம் மனு கொடுத்து 30 நாள் ஆகவில்லையாம். தண்டனையே சுமார் 90 நாள்தான்!

அவர் கேட்டதற்குப் பெயர் கருணை விடுதலை. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் போகிற நம் ஊர்க் கருணை மனு அல்ல. நீதிபதியே தண்டனையைக் குறைப்பது. 1984-ல் வந்த சட்டப்படி சிறைத்துறை இயக்குநர் கேட்டால் மட்டுமே நீதிமன்றம் பரிசீலிக்க முடியும். அவர் கேட்டதோ அபூர்வம். கைதியே மனுப் போடலாம் என்று 2018 டிசம்பரில் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டம் கதவைத் திறந்தது. கூடவே வந்ததுதான் அந்த 30 நாள் விதி.

'அசாதாரணமான, வலுவான காரணம்' வேண்டும் என்கிறது சட்டம். கொரோனா பரவுகிறது என்பது மட்டும் போதாது என்று பிலடெல்பியா தீர்ப்பு சொல்லிவிட்டது. அதனால் வழக்குக் கட்டுகள் மருத்துவமனைக் கோப்புகளாக மாறின. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எத்தனை முறை வாங்கினார், உடல் எடைக் குறியீடு 30-ஐத் தாண்டுகிறதா, அந்தச் சிறையில் இன்று எத்தனை பேருக்குத் தொற்று என்று நீதிபதிகள் தேடிப் பார்த்தார்கள். அதோடு முடியவில்லை; குற்றத்தின் தன்மை, கழித்த ஆண்டுகள், வெளியே வந்தால் ஆபத்தா என்பதையும் எடைபோட்டார்கள். நோயை ஒப்புக்கொண்டும் மனுவைத் தள்ளிய தீர்ப்புகள் ஏராளம்.

எவை வலுவான காரணம் என்று சொல்லும், தண்டனை ஆணையத்தின் பழைய வழிகாட்டுதல் கைதிகளே போடும் மனுக்களைக் கட்டுப்படுத்தாது என்று நியூயார்க்கிலுள்ள இரண்டாம் வட்டார நீதிமன்றம் 2020 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பல வட்டாரங்கள் பின்தொடர்ந்தன. அட்லாண்டாவிலுள்ள பதினோராம் வட்டாரம் மட்டும் முரண்டு பிடித்தது. ஒரே நோய், ஒரே வயது என்றாலும் எந்த ஊர் நீதிமன்றம் என்பது தலையெழுத்தானது. இதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

2020 நிதியாண்டில் முடிவான மனுக்கள் 7,014. ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் தேறியது. தடுப்பூசி வந்தபின் அந்த வாசலும் குறுகியது. ஊசி கிடைத்த பெரும்பாலான கைதிகளுக்குக் கொரோனாவை வலுவான காரணமாக ஏற்க முடியாது என்று 2021 ஜூலையில் சிகாகோ நீதிமன்றம் சொன்னது.

2023 நவம்பர் 1 முதல், சிறையைத் தாக்கும் தொற்று வழிகாட்டுதலிலேயே ஒரு காரணமாக இடம்பெற்றுவிட்டது. 30 நாள் விதி மட்டும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.